வயர்லெஸ்ஸில் கேட்ட ஊர்ச்சண்டை

1. பாறைக்குப் பின்னால்

ரெங்கசாமிக்குத் தொடையில் குண்டு பட்டபோது நாங்கள் பால்கோவாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இதைச் சொன்னால் எவனும் நம்புவதில்லை. நெஞ்சில் கை வைத்து 'தாய்நாடே' என்று கத்தினோம் என்று சொன்னால்தான் கை தட்டுவார்கள் போலிருக்கிறது. எனக்கு அந்த வித்தை தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் விடியற்காலை கிரவுண்டில் ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடுகிற பையன்கள் இதைப் படிக்கட்டும். ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது தம்பிகளா, வாயும் வேண்டும்.

என் பெயர் குருசாமி. ராஜபாளையத்துக்காரன். இன்ஃபன்ட்ரியில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக ரிடையர் ஆனேன். ரெங்கசாமி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், என்னோடு ஒரே பேட்சில் சேர்ந்தவன். ரெண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினால் திறப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். அதனால் நாங்கள் அண்ணன் தம்பி மாதிரி இருப்போம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுதான் இல்லை. டிரெயினிங் சென்டரில் முதல் நாள் சாப்பாட்டு வரிசையிலேயே ஆரம்பித்துவிட்டோம். "எந்த ஊரு?" என்றான். சொன்னேன். "ஓ, நாய்க்குப் பேர் வாங்குன ஊரா? மனுசனுக்கு அங்க என்ன பேரு?" என்றான். "ஒங்க ஊர்ல கோபுரத்த அண்ணாந்து பாத்துப் பாத்தே எல்லாருக்கும் கழுத்து சுளுக்கிக்கிட்டாமே" என்றேன். அன்றிலிருந்து சண்டை ஒரு நாளும் விடாமல் ஓடியது.

எங்களைப் பிரித்து வைத்திருக்கலாம். ஆனால் ஆர்மியின் மூளையே தனி. ரெண்டு பேரையும் ஒரே எல்எம்ஜியில் போட்டுவிட்டார்கள். எல்எம்ஜி என்றால் லைட் மெஷின் கன். நம்பர் ஒன் சுடுவான். நம்பர் டூ பக்கத்தில் படுத்துக் குண்டு நிரப்பின மேகசின் மாற்றிக் கொடுப்பான், எங்கே சுட வேண்டும் என்று பார்த்துச் சொல்வான். ரெங்கசாமி நம்பர் ஒன். நான் நம்பர் டூ. நான் சொன்னால்தான் அவன் சுட முடியும் என்பது என் கட்சி. நான் அவனுக்கு மூட்டை தூக்குகிறவன் என்பது அவன் கட்சி.

அப்புறம் சண்டை வந்தது. பனி மலை. உச்சியில் கல் அடுக்கிக் கட்டின பங்கர், அதற்குள் எதிரியின் மெஷின் கன். எங்கள் செக்‌ஷன் கமாண்டர், எங்கள் பத்துப் பேருக்குத் தலைவர், ஒரு மலையாளி ஹவில்தார். விடிந்தும் விடியாத மூடுபனியில் எங்களை ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரவைத்து, கையில் ஒரு வயர்லெஸ் செட்டையும் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க இடது பக்கம் ஓடை வழியா ஏறுறோம். நீங்க பங்கரைப் பாத்துச் சுட்டுக்கிட்டே இருக்கணும். கன் சத்தம் நின்னா அவன் தலையைத் தூக்குவான். தூக்கினா நாங்க அத்தனை பேரும் காலி. மேல போய்ச் சேர்ந்ததும் மஃப்ளரை ஆட்டிக் காட்டுறேன். அது வரைக்கும் நிறுத்தாதீங்க."

செக்‌ஷன் மொத்தத்தின் உயிரும் எங்கள் ரெண்டு பேர் கையில் என்று அர்த்தம். ரெங்கசாமி சட்டைப் பையிலிருந்து பால்கோவாவை எடுத்தான். வீட்டிலிருந்து பார்சலில் வந்தது. குளிரில் கல்லாக உறைந்திருந்தது. கடித்துப் பார்த்துவிட்டு, "எங்க ஊர் சிமென்ட்டு தோத்துச்சுலே" என்றேன்.

"இந்தக் குளிர்ல எல்லாந்தாம்லே ஒறையும். ஒன் மூள ஒறையலயா?" என்று சொல்லிக்கொண்டே சுட ஆரம்பித்தான். அடுத்த நிமிஷம் எதிரியின் குண்டு பாறை ஓரத்தை உடைத்துக்கொண்டு வந்தது. ஒன்று அவன் தொடையில். உடைந்த கல் சில்லு ஒன்று என் வலது கையில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

2. பட்டன்

சட்டப்படி நம்பர் ஒன் விழுந்தால் நம்பர் டூ கன்னைப் பிடிக்க வேண்டும். எனக்கு வலது கை விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. இடது கையால் மேகசின் மாட்ட முடியும், டிரிக்கரைப் பிடித்து நிதானமாகச் சுட முடியாது. அவனுக்குக் கை ரெண்டும் நன்றாக இருந்தது, கால்தான் போய்விட்டது. ஆக ரெண்டு பேரையும் சேர்த்தால் உருப்படியாக ஒரு சிப்பாய் தேறுவான். துணியை வைத்து அவன் தொடையை இறுக்கிக் கட்டினேன். அப்படியும் ரத்தம் நிற்கவில்லை. ஒரு மேகசின் சுடுவான், தலை தொங்கும். எனக்குப் பகீரென்றது. இவன் மயங்கினால் கன் நிற்கும், கன் நின்றால் மேலே ஏறுகிறவர்கள் செத்தார்கள்.

செட்டை எடுத்துப் பட்டனை அழுத்தி, "ரெங்கசாமிக்குக் காயம், ஃபயர் தொடருது" என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்தேன். பட்டனை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். என் கையிலிருந்து வழிந்த ரத்தம் பட்டன் இடுக்கில் இறங்கி அந்தக் குளிரில் உறைந்து, பட்டன் அமுங்கினபடியே நின்றுவிட்டது. வயர்லெஸ்ஸில் ஒருத்தன் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த லைனில் வேறு யாரும் பேச முடியாது. அவன் பேசுவதை எல்லோரும் கேட்கத்தான் முடியும். பட்டன் அமுங்கிக் கிடப்பது எங்களுக்குத் தெரியாது. மொத்தக் கம்பெனிக்கும் அப்போதிலிருந்து எங்கள் பேச்சுதான் ரேடியோ.

அவனை முழிக்க வைக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். "ஏலே ரெங்கா, ஒரு உண்மையச் சொல்லட்டுமா? ஆடித் தேருக்கு ஒங்க ஊர்க்காரன் வடத்தத் தொட்டுக் கும்பிட்டுட்டு நைசா ஒதுங்கிருவான். இழுக்கது பூரா ராஜபாளையத்துல இருந்து வார நாங்கதாம்லே" என்றேன்.

தொங்கின தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. "எவன்டா சொன்னான்?" என்றான். தடதடவென்று கன் பேசியது.

கீழே கம்பெனி கமாண்டர் இருந்த இடத்தில் நடந்ததைப் பிற்பாடு எங்கள் சுபேதார் தங்கையா சாப் சொல்லித்தான் அறிந்தோம். அவர் நாங்குநேரிப் பக்கம். கமாண்டர் ஒரு மேஜர், வடக்கத்திக்காரர், புதிதாகப் போஸ்டிங் ஆகி வந்தவர். 'சாப்பாடு', 'சீக்கிரம்' என்கிற ரெண்டு வார்த்தையோடு அவர் தமிழ் முடிந்துவிடும். செட்டில் ரெண்டு பேர் உயிர் போகிற மாதிரி கத்துகிறார்கள், நடுவில் கன் சத்தம். மேஜர் முகம் வெளுத்துப்போய், "என்ன ரிப்போர்ட் பண்றாங்க?" என்று ஹிந்தியில் கேட்டிருக்கிறார்.

"சாப், ஒருத்தன் ஊர்ல நாய்க்கு மட்டுந்தான் பேருன்னு மத்தவன் சொல்றான்."

"எனிமி நாய் வச்சிருக்கானா?"

"இல்ல சாப். இது ராஜபாளையம் நாய்."

"அப்போ நம்ம நாயா? எங்க நிக்குது?"

சுபேதார் சாப் பதில் யோசிப்பதற்குள் செட்டில் தேர் வந்துவிட்டது. "இப்ப ஏதோ பெரிய வண்டியைப் பத்திப் பேசறாங்க சாப். கயிறு கட்டி ஆயிரம் பேர் இழுக்கிற வண்டி" என்றிருக்கிறார். மேஜர் பைனாகுலரைத் தூக்கி மலையைத் துழாவினாராம். "இந்த மலை மேல அவ்வளவு பெரிய வண்டியை எப்படி ஏத்தினான்?"

"பயப்படாதீங்க சாப். அது ஆடி மாசம் மட்டுந்தான் ஓடும்."

சிரிப்பு அதோடு நின்றது. மூடுபனி விலகியதும் பங்கருக்கு வலது கைப் பக்கம் இன்னொரு மெஷின் கன் இருப்பது கீழேயிருந்து தெரிந்துவிட்டது. இடது பக்கம் ஏறுகிற செக்‌ஷன் ஓடையை விட்டு வெளியே வந்தால் அது அறுத்துத் தள்ளிவிடும் என்று மேஜர் நினைத்தார். "பின்வாங்கச் சொல்லு! எல்லாரும் கீழே வரட்டும்!" என்று கத்தினார். எப்படிச் சொல்வது? லைன் முழுக்கப் பால்கோவா. சுபேதார் சாப் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பதிலுக்கு, "பாலக் காய்ச்சத் தெரியாத ஊர்க்காரனுக்கு என்னலே தெரியும்" என்றுதான் வந்தது.

3. வடம்

அந்த ரெண்டாவது கன்னை ரெங்கசாமியும் பார்த்துவிட்டான். பாறைக்குப் பின்னால் இருந்து அதைச் சுடக் கோணம் கிடைக்கவில்லை. வெளியே திறந்த இடத்துக்கு ஊர்ந்து போனால்தான் கிடைக்கும்.

"நான் வெளிய போறேன்" என்றான்.

"ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? வெளிய போனா செத்த."

"தேரு முக்குல வந்து நிக்குதுலே. வெளிய தள்ளித் திருப்பாம எப்படித் திரும்பும்? வடத்தப் பிடிச்சவனா இருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்."

இத்தனை வருஷமாக வாய்க்கு வந்தபடி திட்டினவன்தான் நான். ஆனால் இவன் போய்விட்டால் இந்த உலகத்தில் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று தோன்றியது. அழுகை வந்தது, அதைக்கூட அங்கே அழ முடியாது, கண்ணிலேயே உறைந்து தொலைக்கும். மலை ஏறுவதற்கென்று எங்களிடம் கயிறு இருந்தது. அதன் ஒரு முனையை அவன் பெல்ட்டில் கட்டினேன். இன்னொரு முனையை என் இடது கையில் சுற்றிக்கொண்டேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "இப்பவாச்சும் இழுப்பியா, இல்ல தொட்டுக் கும்பிட்டுட்டு ஒதுங்கிருவியா?"

"போலே நீ மொதல்ல."

போனான். ஒரு காலை இழுத்துக்கொண்டு, எல்எம்ஜியைத் தள்ளிக்கொண்டு, முழங்கையாலேயே போனான். எதிரியின் ரெண்டு கன்னும் மலையில் வேறு ஆளே இல்லாத மாதிரி அவனைப் பார்த்துத் திரும்பின. அவனைச் சுற்றிப் பனி புழுதியாகக் கிளம்பியது. நான் "அப்படியே படுலே, படுலே" என்று கத்துகிறேன். அவன் படுத்த இடத்திலிருந்து மூக்குப் பொடி போடுகிறவன் மாதிரி நிதானமாக வலது பக்கத்துக் கன்னைக் குறி பார்த்தான். சுட்டான். மறுபடி சுட்டான். அது அடங்கிவிட்டது.

ரெண்டு கன்னும் அவன் பக்கம் திரும்பின அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் செக்‌ஷன் ஓடையை விட்டு ஏறிப் பங்கரின் அடி மடிக்குள் போய்விட்டது. பின்வாங்கச் சொன்ன உத்தரவு போய்ச் சேர்ந்திருந்தால் எல்லோரும் திரும்பி, திறந்த சரிவில் மாட்டிச் செத்திருப்பார்கள். கிரனேட் சத்தம் கேட்டது. அப்புறம் மேலே மஃப்ளர் ஆடியது.

நான் கயிற்றை இழுத்தேன். இடது கையால் இழுத்தேன், பல்லால் பிடித்து இழுத்தேன். ஒரு பல் அன்றைக்கே ஆட்டம் கண்டது. அவனைப் பாறைக்குப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தபோது எனக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. அவன் கண் சொருகிக் கிடந்தான். நான் அவன் கன்னத்தில் தட்டி, "ஏலே, செத்துட்டியாலே?" என்றேன்.

"ஒனக்கு முன்னாடியா?" என்றான் அவன்.

இது சத்தியம். கேட்டவன் நான், பதில் சொன்னவன் அவன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

4. தொப்பி

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கொஞ்சம் தேறியதும் மேஜர் வந்தார், கூடவே சுபேதார் சாப். வந்ததும் சாப், "அட்டென்ஷன்!" என்றார். ஒருத்தனுக்குக் கால் கட்டு, ஒருத்தனுக்குக் கை கட்டு. படுத்தபடியே விறைத்தோம்.

ஆர்மியில் குற்றவாளியைத் தொப்பி இல்லாமல்தான் நிறுத்துவார்கள். எங்களிடம் இருந்தது ஆஸ்பத்திரிக் குல்லா. சுபேதார் சாப் அதையே கழற்றினார். சண்டை நடக்கும்போது வயர்லெஸ் லைனைச் சொந்த விவகாரத்துக்குப் பயன்படுத்தி, கம்பெனி கமாண்டரின் உத்தரவை மறித்ததற்காகக் கடும் எச்சரிக்கை என்றார் மேஜர். "யெஸ் சாப்" என்றோம். சுபேதார் சாப் குல்லாவைத் திரும்ப மாட்டிவிட்டார். உடனே மேஜர் முகமே மாறிவிட்டது. ரெங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை வீரப் பதக்கத்துக்கு எழுதி அனுப்பிட்டேன்" என்றார்.

ரெங்கசாமி, "சாப், இவனும்" என்று என்னைக் காட்டினான்.

"இவனுக்கு மறுபடியும் குல்லாவைக் கழட்டணுமா?" என்று சுபேதார் சாப் கேட்டார். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள்.

பதக்கம் அவனுக்கு வந்தது. நியாயம். திறந்த இடத்துக்குப் போனவன் அவன். எனக்கு அதில் ஒரு பொட்டு வருத்தம் கிடையாது. போகும்போது மேஜர், பால்கோவா என்றால் என்ன என்று கேட்டார். ரெங்கசாமி அடுத்த பார்சலில் வந்ததைப் பூராவும் அவருக்கே கொடுத்துவிட்டான். எனக்கு ஒரு விள்ளல் தரவில்லை, பாவி.

5. மைக்

ரிடையர் ஆனபின் நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ரெங்கசாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை. கால் லேசாக இழுக்கும். ஒவ்வொரு ஆடிக்கும் நான் தேர் இழுக்கப் போவேன். அவனால் வடம் பிடிக்க முடியாது. தெரு முக்கில் நின்றுகொண்டு, "ஏலே, இழுக்கியா, பிடிச்சிக்கிட்டுத் தொங்குதியா?" என்று ஊர் கேட்கக் கத்துவான்.

போன குடியரசு தினத்துக்குக் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜில் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார்கள். மாலை, சால்வை எல்லாம் ஆயிற்று. ரெங்கசாமியிடம் மைக்கைக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தான். கடைசியில் வந்து சொல்கிறான்: "நம்ம குருசாமி கண்ணு சொருகிட்டுக் கெடந்தான். நாந்தான் அவன் போயிரக் கூடாதுன்னு வம்படியா சண்டைய இழுத்துக்கிட்டே இருந்தேன். கடைசில நான், 'செத்துட்டியாலே?'ன்னு கேட்டேன். இவன், 'ஒனக்கு முன்னாடியா?'ன்னான்."

எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. எழுந்துபோய் மைக்கின் மறு பக்கத்தைப் பிடித்தேன். "ஏலே, கேட்டது நான்."

"நீயா? ஒனக்கு அப்ப நெனவே இல்லலே."

"கயித்த இழுத்தது யாரு? நெனவில்லாதவனா பல்லு ஒடைய இழுத்தான்?"

"இழுத்த. பொறவு பொத்துன்னு சாஞ்சிட்ட."

மைக்கை யாரும் அணைக்கவில்லை. மொத்த ஆடிட்டோரியமும் விசிலடித்தது. பிரின்சிபால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தேசிய கீதத்தைப் போடச் சொல்லிவிட்டார். ரெண்டு பேரும் விறைத்து நின்றோம். கீதம் முடிந்ததும் அவன் முதலில் வந்த பஸ்ஸில் ஏறினான், ரெண்டு பேருக்கும் ஒரே வழி என்றாலும் நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

அதற்கப்புறம் பேச்சு இல்லை. வாழ்நாள் பூராவும் சண்டை போட்டிருக்கிறோம், பேசாமல் இருந்ததில்லை. முதலில், கிடக்கான் போ என்றுதான் இருந்தேன். நாளாக ஆகச் சோறு இறங்கவில்லை. டியூட்டியில் வாட்ச்மேன்களைக் காரணமில்லாமல் ஏசினேன். அவர்களும் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். பதிலுக்கு ஏசத் தெரியாதவனிடம் என்ன பேசுவது! என் வீட்டுக்காரி சரஸ்வதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்த மலையிலயே ஒரு முடிவு கட்டிட்டு வந்திருக்கலாம்லா" என்றாள்.

ஆடி பிறந்தது. தேர் நெருங்கியது. தீர்ப்புச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு. சுபேதார் தங்கையா சாப்புக்குப் போன் போட்டேன். வயசாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே பரேடு கிரவுண்டு குரல்.

"சாப், குருசாமி பேசுதேன். நீங்க அன்னைக்குச் செட்டுல எல்லாத்தையும் கேட்டீய. 'செத்துட்டியாலே'ன்னு கேட்டது யாரு? நானா, ரெங்கனா?"

அவர் சொன்னார்: "ஏலே, அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டீய. ஞாபகமிருக்கா? செட்டுல வெறும் காத்துச் சத்தம். மேல பங்கர் பிடிச்சாச்சு, எல்லாரும் சந்தோசப்படணும். ஒருத்தன் வாயத் தொறக்கல. கம்பெனியே செட்டச் சுத்தி நிக்கி. மேஜர் சாபுக்கு ஒரு எழுத்து புரியாது, அவர் எங்கிட்ட, 'ஏன் சண்டையை நிறுத்திட்டாங்க? சண்டை போடச் சொல்லு, சண்டை போடச் சொல்லு'ன்னு என் கையப் பிடிச்சு உலுக்குதாரு. அவருக்குக் கண்ணுல தண்ணி. அப்பத்தாம்லே ஒரு குரல், 'செத்துட்டியாலே?'ன்னுச்சு. இன்னொரு குரல், 'ஒனக்கு முன்னாடியா?'ன்னுச்சு. நான் அந்தப் பனியில அப்படியே உக்காந்துட்டேன்."

"சரி சாப், அது யார் குரலு?"

"செட்டுல ரெண்டும் ஒண்ணு போலத்தாம்லே கேட்டுச்சு. ரெண்டு பேர் இருக்கான்னு தெரிஞ்சுது. எங்களுக்கு அது போதும். ஒங்களுக்குப் போதாதா?" வைத்துவிட்டார். குல்லா இல்லாமல் நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

இதிலிருந்து நான் கற்றதைக் கிரவுண்டில் ஓடுகிற பையன்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீரம் என்று நான் கண்ணால் பார்த்தது ரெங்கசாமி வெளியே ஊர்ந்து போனதைத்தான். அவன் போனதற்குக் காரணம் கோபம் என்பான் அவன், பக்கத்தில் நான் இருந்தேன் என்பேன் நான். எதுவாகவும் இருக்கட்டும். கன் ஒரு கட்டத்தில் நிற்கும், குண்டு தீரும், அதெல்லாம் நம் கையில் இல்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவனோடு பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

தேருக்கு முந்தின நாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ரெங்கசாமி வீட்டு வாசலில் அவன் மனைவி கோதை கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்றவள் குரலைத் தாழ்த்தி, "உள்ளதான் இருக்காக. ஒங்க பேரச் சொன்னாலே டிவி சத்தத்தக் கூட்டிருதாக" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே டிவி அலறியது. என் சத்தம் கேட்டுவிட்டது அவனுக்கு.

நான் செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, அடி வயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏலே ரெங்கா, செத்துட்டியாலே?"

டிவி சத்தம் நின்றது. கோதை கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். பிறகு உள்ளேயிருந்து காலை இழுத்து இழுத்து வருகிற சத்தம் கேட்டது.

"ஒனக்கு முன்னாடியா?"